மைக் டீச்சரும் ஊமை விளையாட்டும்

நான்காம் வகுப்பு டீச்சருக்கு ஊரெல்லாம் ஒரே பெயர்தான்: மைக் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர். பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் போய், அங்கிருந்து காய்கறிக் கடைக்குப் போய், கடைசியில் அவர் கணவர் வேலை பார்க்கும் பஸ் டிப்போ வரைக்கும் போய்விட்டது. "மைக் டீச்சர் வீட்டுக்காரர்" என்றால்தான் அங்கே அவரைத் தெரியும். டீச்சர் கடையில் நின்று அரைக் கிலோ வெங்காயம் கேட்டால் எதிர்ச் சாரியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள், அம்மாவின் போன் வந்தால் அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு, "அம்மா, போன் எதுக்கும்மா? ஜன்னலைத் திறந்து வெச்சுப் பேசுங்க, இங்க கேக்கும்" என்பாள்.

அவர் அப்படிப் பிறந்தவர் இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, சிரிக்கிறார்கள். சின்ன வயதில் அவருடைய அக்கா, "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று அவரைத் திட்டாத நாள் கிடையாது. கல்யாணமான புதிதில் கணவர் எதைக் கேட்டாலும், பதில் வந்த பிறகு "என்ன சொன்னே?" என்று இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்ததாம். அவ்வளவு மெல்லிய குரல். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குரலோடுதான் பள்ளிக்கூட ஹாலுக்குள் போனார்.

அந்த ஹாலைச் சொல்லாமல் டீச்சரைச் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மூட்டை அடுக்கி வைக்கக் கட்டிய கட்டடம். நீளமாக, தகரக் கூரையோடு இருக்கும். அதற்குள் மூன்று வகுப்புகள். இந்த ஓரம் மூன்றாம் வகுப்பு, அந்த ஓரம் ஐந்தாம் வகுப்பு, நடுவில் மைக் டீச்சரின் நான்காம் வகுப்பு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இரண்டு இரும்பு அலமாரிகள் முதுகோடு முதுகாக நிற்கும். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே காலுடைந்த கரும்பலகை ஒன்று செங்கல்லில் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் ஏழெட்டு ஐம்பத்தாறு வந்து உட்கார்ந்துகொள்ளும். இது போதாதென்று, குறுகலான தெருவைத் தாண்டினால் எதிரே தகரப் பட்டறை. பெட்டியும் பீப்பாயும் செய்கிற இடம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பத்து சுத்தியல் தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கும்.

முதல் வருஷம் டீச்சருக்கு மூன்று தடவை தொண்டை கட்டியது. இரண்டாம் வருஷம் அடிவயிற்றிலிருந்து குரலை எடுக்கக் கற்றுக்கொண்டார். மூன்றாம் வருஷம் அந்தக் குரல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. மாமியார் அதைச் சண்டை என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் மூத்த மகன் வீட்டில் போய் இருந்தார். கணவர்தான் போய், "அம்மா, அவ உங்களைத் திட்டல. குளிக்க வெந்நீர் வேணுமான்னு கேட்டா" என்று எடுத்துச் சொல்லி அழைத்து வந்தார்.

பேசுவதற்கு இப்படி ஒரு வழி பிறந்தது. கேட்பதற்கு? பிள்ளைகளுக்கு அடிவயிற்றிலிருந்து பேசத் தெரியுமா? கடைசி பெஞ்சுப் பிள்ளை எழுந்து நின்று பதில் சொன்னால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அதற்கும் அந்த ஹாலில் ஒரு தொழில்முறை உண்டாகியிருந்தது. மூன்று ஆசிரியர்களும் அதைத்தான் செய்வார்கள். உதடு அசைகிறதா என்று பார்ப்பது. கொஞ்ச நேரம் அசைந்தால், "சரி, உட்காரு." அசையவே இல்லை என்றால், "படிச்சிட்டு வா, உட்காரு." ஒரு நாளைக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டில் ஒன்று கிடைத்துவிடும்.

இதெல்லாம் அலுவலகத்துக்குத் தெரியாதா என்று கேட்கலாம். டீச்சர் எழுதாமலா இருந்தார்? இரண்டே இரண்டு குறுக்குச் சுவர் வேண்டும் என்று பதினோரு மனு எழுதினார். பத்து மனு கிணற்றில் போட்ட கல். ஒன்றுக்கு மட்டும் மூன்று வருஷத்துக்கு முன்னால் பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் அன்றைக்குச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. முதல் வரியில் 'இயலாது' என்றிருந்தது. அத்தோடு மடித்துக் கோப்பில் செருகிவிட்டார். பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

இந்த வருஷம் பள்ளி திறந்த இரண்டாம் மாதம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பிள்ளைகளின் பேச்சுத் திறனையும் கேட்டல் திறனையும் சோதித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாகத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்து ஒரு கதையை வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஹால் பிள்ளைகள் மூன்று வகுப்பும் படுதோல்வி. நான்காம் வகுப்புதான் கடைசி. அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பேசவும் கேட்கவும் தெரியவில்லை என்றால் ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? அடேயப்பா, என்ன மூளை!

உத்தரவு வந்தது. 'பேசுதல் மற்றும் கேட்டல் திறனில் குறைபாடுள்ள ஆசிரியர்கள்' என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல். முதல் பெயர் மைக் டீச்சருடையது. மூன்று நாள் பயிற்சி. அதற்கடுத்த வாரம் அவரவர் பள்ளியில் அதிகாரி முன்னிலையில் ஒரு மாதிரி வகுப்பு. அதில் தேறாதவர்கள் வகுப்பை விட்டு எடுக்கப்பட்டு, புத்தகக் கிடங்குக்கு அனுப்பப்படுவார்கள்.

"கிடங்குல என்ன வேலை?" என்று கணவர் கேட்டார்.

"கட்டுப் பிரிக்கிறது, கட்டுப் போடுறது. பேசுறதுக்கு ஆளே கிடையாது" என்றார் டீச்சர். சொல்லும்போதே குரல் கரகரத்தது. போன வருஷம் தொண்டை டாக்டர் குரல் நாணில் தடிப்பு விழுந்திருக்கிறது, ஆறு மாதம் சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்கு அந்த ஹாலை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர் அங்கேயே சிரித்துவிட்டு வந்தார். இப்போது கணவர் மெதுவாக, "கிடங்குன்னா தொண்டைக்காவது நல்லதுதானே?" என்று ஆரம்பித்தார். டீச்சர் பார்த்த பார்வையில் அவர் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய மனுஷிக்குப் பேசத் தெரியாது என்று முத்திரை குத்தி வெளியே தள்ளுவதா? அவருக்கு வயிறு எரிந்தது.

பயிற்சி நடந்த இடத்தைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது. அலுவலகத்துக் கூட்ட அறை. கண்ணாடிக் கதவு, தரைவிரிப்பு, ஏசி. கதவைச் சாத்தினால் தெருவில் இடி விழுந்தாலும் கேட்காது. நாற்பது ஆசிரியர்கள். அந்த அறையில் பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டால் முன்வரிசையில் கேட்கும். அந்த நாற்பது பேருக்கு எதிரே நின்ற பயிற்சியாளர் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கை மாட்டிக்கொண்டுதான் பேசினார்.

"நல்ல ஆசிரியர் குரலை உயர்த்த மாட்டார்" என்றார் அவர், மைக்கில். "மெதுவாப் பேசுங்க. நீங்க மெதுவாப் பேசினா வகுப்பே மெதுவாயிடும். ஒரு குழந்தைகிட்ட 'சத்தமாச் சொல்லு'ன்னு சொல்றது இருக்கே, அது குழந்தையை அடிக்கிறதுக்குச் சமம். அந்த வார்த்தையை இன்னையோட மறந்துடுங்க."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். மைக் டீச்சரும் குறித்துக்கொண்டார். நல்ல பேச்சுதான். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. இதை எந்த அறையில் செய்வது என்று மட்டும் கேட்க அவர் கையைத் தூக்கினார்.

"கேள்வி நேரம் கடைசில இருக்கும்மா" என்றார் பயிற்சியாளர்.

இரண்டாம் நாள் ஜோடிப் பயிற்சி. ஒருவர் இரண்டு நிமிஷம் பேச வேண்டும், மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். டீச்சருக்கு ஜோடி, அலமாரிக்கு அந்தப் பக்கத்து மூன்றாம் வகுப்பு சார். அவரும் பட்டியலில் இருந்தார், ஐந்தாம் வகுப்பு டீச்சரும் இருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீச்சர் வாயைத் திறந்தார். பழக்க தோஷம், ஹால் குரல் வந்துவிட்டது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. முப்பத்தெட்டுப் பேரும் திரும்பினார்கள்.

"அம்மா, இங்க யாரும் தீப்பிடிச்சு எரியல" என்றார் பயிற்சியாளர்.

அறை முழுக்கச் சிரிப்பு. டீச்சர் குரலை இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை. நடுவில் ஒரு குரலே அவரிடம் மிச்சமில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஒன்று கத்தல், இல்லையென்றால் காற்று. ஐம்பத்து மூன்று வயதில், நாற்பது பேருக்கு நடுவில், கண் கலங்கிவிட்டது. அவமானம் ஒரு பங்கு, ஆத்திரம் மூன்று பங்கு. அவர் சிரித்தவர்கள் மீதுகூடக் கோபப்படவில்லை. இரண்டு நாளாகக் கேட்பதைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற ஆள், இந்தக் குரல் ஏன் இப்படி ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் கடைசியில் கேள்வி நேரம் வந்தது. வந்ததும் அதிகாரி வந்தார், சான்றிதழ் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். கேள்வி நேரம் போட்டோவோடு முடிந்தது. போகும்போது ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பயிற்சி எப்படி இருந்தது என்று குறிக்கச் சொன்னார்கள். நன்று, மிக நன்று, மிக மிக நன்று என்று மூன்று கட்டங்கள் இருந்தன. டீச்சர் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'எங்கள் ஹாலுக்கு வாருங்கள்' என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பழைய மனுக் கோப்பை எடுத்தார். மாதிரி வகுப்பு அன்று அதிகாரியின் கையில் கொடுக்கலாம் என்று பதினோரு மனுவையும் வரிசைப்படுத்தினார். அப்போதுதான் அந்த ஒரே ஒரு பதிலை முழுசாகப் படித்தார். 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது. பள்ளி நேரில் பார்வையிடப்பட்டது. ஆய்வின்போது வகுப்பறையில் இரைச்சல் எதுவும் காணப்படவில்லை. எனவே இம்மனு முடித்து வைக்கப்படுகிறது.'

"படுபாவி, பொய் எழுதியிருக்கான்!" என்று கத்தினார். பக்கத்து வீட்டில் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

கணவர் தாளை வாங்கிப் படித்தார். "அவர் வந்தப்ப சத்தம் இருந்துதா?" என்று கேட்டார்.

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்தார்.

சத்தம் இல்லை. எப்படி இருக்கும்? அதிகாரியின் கார் தெருமுனையில் திரும்பியதும் தலைமையாசிரியர் இரண்டு மணி அடிப்பார். உடனே மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பின்பக்கம் வழியாக வெளியேறி, மதில் நிழலில் உட்கார்ந்து, வாயில் விரலை வைத்துக்கொள்ளும். யார் அதிக நேரம் பேசாமல் இருக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். பிள்ளைகள் அதற்கு ஊமை விளையாட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பட்டறைக்காரரும் மரியாதை தெரிந்தவர். காரைப் பார்த்ததும் சுத்தியலை நிறுத்திவிட்டு ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிடுவார். அதிகாரி நடுவில் இருக்கும் நான்காம் வகுப்பை மட்டும் பார்ப்பார். காற்று வீசுகிற சத்தம்கூடக் கேட்கும். "ரொம்ப அமைதியா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போவார். கார் போனதும் சுத்தியல் ஆரம்பிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஊமை விளையாட்டைக் கண்டுபிடித்ததே மைக் டீச்சர்தான். வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருஷம், வந்த அதிகாரி முன்னால் மானம் போகக் கூடாது என்று யோசித்துச் சொன்ன யோசனை. அன்றைக்குத் தலைமையாசிரியராக இருந்தவர் கைதட்டினார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கையால் சுவர் வேண்டும் என்று எழுதி, இன்னொரு கையால் சுவர் தேவையில்லை என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். டீச்சருக்குத் தன் மீதே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புத்தி எங்கடி போச்சு உனக்கு?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார், அதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

மறுநாள் காலை மூன்றாம் வகுப்பு சாரையும் ஐந்தாம் வகுப்பு டீச்சரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். "நாளன்னைக்கு ரெண்டு மணி அடிச்சா யாரும் வெளிய போகாதீங்க. எப்பவும் எப்படிப் பாடம் நடத்துவீங்களோ அப்படியே நடத்துங்க. கூட்ட வேணாம், குறைக்க வேணாம்."

"பெரிய சார் நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரே" என்றார் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வயதில் சின்னவர், வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது.

"நீங்க அடுத்த வருஷம் கத்துறதுக்குக் குரல் வேணுமா, வேணாமா?"

அவர் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் வகுப்பு சார் கையை நீட்டினார். டீச்சர் பிடித்துக் குலுக்கினார்.

பட்டறைக்காரரை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. "உங்க மரியாதைக்காகத்தானே டீச்சர் நிறுத்துறேன்? இத்தனை வருஷமா ஒரு தடவைகூடத் தவறினதில்லையே" என்று அவர் மனம் நொந்துபோனார்.

"இந்தத் தடவை அந்த மரியாதை வேணாம் அண்ணே. நீங்க உங்க வேலையைப் பாருங்க, அது போதும்."

மாதிரி வகுப்பு நாள் வந்தது. கார் திரும்பியது. தலைமையாசிரியர் இரண்டு மணி அடித்தார். ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் அடித்தார். பிள்ளைகள் எழுந்து ஆசிரியர் முகத்தைப் பார்த்தார்கள். "உட்காருங்க" என்றார் மூன்றாம் வகுப்பு சார். தலைமையாசிரியர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"என்ன சார் இது? மணி அடிச்சேனே, கேக்கலையா?"

"இங்க எதுதான் சார் கேக்குது?" என்றார் அவர். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஏழொன்பது?" என்றார். நாற்பது பிள்ளைகள் "அறுபத்து மூணு!" என்று கத்தினார்கள். அந்த ஓரத்தில் ஐந்தாம் வகுப்பு செய்யுள் பாடியது. எதிரே பத்து சுத்தியலும் ஓயவில்லை.

"என் வேலைக்கு உலை வெச்சுட்டீங்களே" என்றார் தலைமையாசிரியர் மைக் டீச்சரைப் பார்த்து. அதற்குள் அதிகாரியும் பயிற்சியாளரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அதிகாரி இரண்டு காதையும் பொத்தவில்லை, அவ்வளவுதான். "என்ன நடக்குது இங்க?" என்று கேட்டார். கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. பயிற்சியாளர் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் முதல்ல செஞ்சு காட்டுறேன். அப்புறம் டீச்சர் செய்யட்டும்" என்று சொல்லி, தலைமையாசிரியரிடம், "இங்க மைக் இருக்கா?" என்றார். முன்வரிசைப் பிள்ளைகள் டீச்சரைக் கையால் காட்டிச் சிரித்தார்கள்.

பயிற்சியாளர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அதைக் குறை சொல்லக்கூடாது. நேற்று சாயங்காலம் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். முதல் பெஞ்சு மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பெஞ்சு பென்சில் சீவியது. குரலைக் கொஞ்சம் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார். பத்தாவது நிமிஷம் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணைக் காட்டி எழுப்பினார். உயரமான பெண், அதனாலேயே முதல் நாளிலிருந்து கடைசி பெஞ்சு. அவள் உதடு அசைந்தது.

"என்னம்மா?"

மறுபடியும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லு!" என்றார் பயிற்சியாளர்.

மூன்றாம் வகுப்பு சார் அலமாரிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். மைக் டீச்சர் அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டுத்தான் இருப்பார், ஒரு நொடி. அந்தப் பெண் மூன்றாவது தடவையும் உதட்டை அசைத்தாள். பயிற்சியாளர் அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, "சரி, வெரி குட், உட்காரு" என்றார்.

டீச்சருக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது போல இருந்தது. அது அவருடைய வார்த்தை. இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு தடவை அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார். அந்தப் பெண்ணின் வாயருகே காதை வைத்தார். "என்னடா கண்ணு சொன்னே இப்ப?"

"அவர் பேசினது எனக்குக் கேக்கலைன்னு சொன்னேன் டீச்சர்."

"நான் பேசினா கேக்குமா?"

"நீங்க கத்துறது கேக்கும். வார்த்தை கேக்காது. அதைத்தானே டீச்சர் தினமும் எழுந்து சொல்றேன்? நீங்க 'சரி, உட்காரு'ங்கறீங்க."

டீச்சர் நிமிர்ந்தார்.

"என்ன சொல்றா?" என்றார் அதிகாரி வாசல் பக்கத்திலிருந்து.

டீச்சர் சொன்னார். காற்றுதான் வந்தது.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க!"

சொன்னார் பாருங்கள். அந்த ஹாலில் இருபத்தாறு வருஷமாகக் கத்திய கத்தல் எல்லாம் ஒத்திகை என்று நினைக்கும்படி சொன்னார். "எதுவும் கேக்கல டீச்சர்னு தினமும் எழுந்து சொல்றாளாம்! நான் சரி உட்காருன்னு உட்கார வெச்சுட்டேனாம்! இப்ப இவரும் அதையேதான் செஞ்சாரு! கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கன்னு மூணு நாள் சொல்லிக் கொடுத்தீங்களே, சொல்லிட்டேன்! காலர்ல மைக்கை மாட்டிக்கிட்டு மெதுவாப் பேசுங்கன்னு சொன்னீங்களே, பேசுங்க இப்ப! உங்க ஏசி ரூம்ல என் தொண்டையைப் பார்த்துச் சிரிச்சீங்களே, இந்த ஹாலுக்கு ஒரு நாளாவது வந்து கேட்டீங்களா? இந்தப் பிள்ளைங்களுக்கா பேசத் தெரியல? இவங்க பேசிக்கிட்டேதான் இருக்காங்க!"

மூன்று வகுப்பும் கப்சிப். ஏழு பத்து பாதியில் நின்றது. பட்டறைக்காரர் சுத்தியலும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டார்.

அதிகாரி, "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

டீச்சர் கோப்பை நீட்டினார். பதினோரு மனு. மேலே அந்தப் பதில். அதன் கீழே இருந்த கையெழுத்து அதிகாரியுடையதுதான். அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"அன்னைக்கு அமைதியாத்தான் இருந்துது" என்றார்.

"இருந்துது சார்." இப்போது டீச்சரின் குரல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, அதிகாரி குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "நாங்கதான் இருக்க வெச்சோம். அந்த யோசனையைச் சொன்னதே நான்தான். அந்தத் தப்புக்கு என்னைக் கிடங்குக்கு அனுப்புங்க, போறேன். பேசத் தெரியாதுன்னு மட்டும் அனுப்பாதீங்க."

கிடங்குக்கு அனுப்பவில்லை. மாதிரி வகுப்பு நடக்கவே இல்லை என்பதால் மதிப்பெண் போட வழியில்லை என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். அதிலும் ஒரு மன்னிப்போ வருத்தமோ கிடையாது. தலைமையாசிரியர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை, அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பிள்ளை எழுந்தாலும் அதன் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டார். ஒரு பாடம் முடிய மூன்று நாள் ஆனது. முப்பத்தெட்டுப் பேரில் பதினாறு பேர் பதிலே சொல்லவில்லை, வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது. ஒருவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை. ஒருத்திக்குப் பின்னால் இருப்பவன் கிள்ளுகிறான். இன்னொருத்தி தன் பெயரை டீச்சர் ஐந்து மாதமாகத் தப்பாகக் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க டீச்சருக்கு அலுவலகத்தின் மீது வந்த கோபத்தில் பாதி தன் பக்கம் திரும்பியது. மீதிப் பாதி இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.

சுவர் எழும்பியது. இடைவிடுமுறையில் பத்து நாள் வேலை செய்து, கூரை வரைக்கும் இரண்டு செங்கல் சுவர்கள். தெருப்பக்கத்து ஜன்னலுக்கும் இரட்டைக் கதவு. அலுவலகம் அந்த வருஷ அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியது: 'ஆசிரியர் பயிற்சியின் நற்பயனாக வகுப்பறைச் சூழல் மேம்படுத்தப்பட்டது.' மூன்றாம் வகுப்பு சார் அதை வெட்டி அலமாரியின் உள்பக்கம் ஒட்டி வைத்தார், எரிச்சல் வேண்டும்போது திறந்து பார்த்துக்கொள்ள.

விடுமுறை முடிந்து முதல் நாள். டீச்சர் உள்ளே போனார். சுண்ணாம்பு வாசனை. அந்தப் பக்கத்து வாய்ப்பாடு எங்கோ தூரத்தில் மாதிரி கேட்டது. ஒரு பிள்ளை நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. அவர் மேசைக்குப் பின்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி பெஞ்சு உயரமான பெண்ணைப் பார்த்தார்.

"இப்பக் கேக்குதாடா கண்ணு?"

அவள் எழுந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம், அவ்வளவு தெளிவாக அவள் குரல் வந்தது.

"நல்லாக் கேக்குது டீச்சர். ஏன் கத்துறீங்க?"